போகச் சொன்னார்கள், எங்கே என்று சொல்லவில்லை

2014 அக்டோபர் 29, புதன்கிழமை. இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் உள்ள மீரியபெத்த தேயிலைத் தோட்டம். பல நாள் மழை அன்று காலையிலும் விடவில்லை. பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டார்கள். கொழுந்து பறிக்கிறவர்களில் ஒரு பகுதியினர் வேலைக்கு ஏறிவிட்டார்கள். ஏழரை மணி வாக்கில் குடியிருப்புக்கு மேலே இருந்த சரிவு அப்படியே பெயர்ந்து இறங்கியது. லயன்கள், கோவில், பாதை எல்லாம் சேற்றுக்குள் போயின. மாலையில் வீடு திரும்பிய பிள்ளைகளுக்கு வீடும் இல்லை, வீட்டுக்கு வழி காட்டும் அடையாளமும் இல்லை.

முதல் இரண்டு நாள்களில் மண்ணுக்குள் முந்நூறு பேர் என்றார்கள். பிறகு இருநூறு, நூறு என்று குறைந்து, கடைசியில் கிடைத்த உடல்கள் 12, காணாமல் போனவர்கள் 25 என்று அரசுக் கணக்கு நின்றது. குறைந்ததில் நமக்கு ஆறுதல்தான். ஆனால் ஒரு குடியிருப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கேள்விக்கே பதில் இப்படி ஏறி இறங்கியது என்றால், அந்த மக்கள் எந்தப் பதிவேட்டில் எப்படி இருந்தார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

அந்த மக்கள் யார் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். 1820களில் தொடங்கி காப்பித் தோட்டத்துக்கும், காப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலைக்கும் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துப்போனவர்களின் வாரிசுகள். அதில் பெரும்பகுதி பறையர், பள்ளர், அருந்ததியர். பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பிப் போனவர்கள். ஊரில் காணி நிலம் இல்லை என்று கடல் தாண்டினார்கள். இருநூறு ஆண்டு ஆகியும் மலையில் காணி நிலம் இல்லை. இந்தக் கட்டுரை நிலச்சரிவைப் பற்றியது. ஆனால் இந்த ஒரு செய்தியை விட்டுவிட்டு நிலச்சரிவைப் பேசினால் பாதிதான் பேசியதாகும்.

மலையைப் படிக்கிறவர்கள்

‘இயற்கைச் சீற்றம், யாரால் என்ன செய்ய முடியும்?’ என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது சரியில்லை. நிலநடுக்கம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தச் சரிவு எவ்வளவு மழைக்குத் தாங்காது என்று ஓரளவு சொல்ல முடியும். இலங்கையில் அதற்கென்றே ஒரு அரசு நிறுவனம் இருக்கிறது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர், 1984இல் தொடங்கியது. 1986இலும் 1989இலும் மலைநாட்டில் பெரிய சரிவுகள் ஏற்பட்ட பின், 1990 முதல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நிலச்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் வேலையை இந்த நிறுவனம் எடுத்துக்கொண்டது. நம்மைப் போன்ற ஒரு ஏழை நாடு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விடாமல் செய்துவரும் வேலை அது. குறைசொல்வதற்கு முன்னால் அதை மதிப்போடு சொல்லிவிட வேண்டும்.

வரைபடம் எப்படித் தயாராகிறது? மலையை ஆறு கேள்விகள் கேட்கிறார்கள். அடியில் இருக்கும் பாறை என்ன, அதன் அடுக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? பாறைக்கு மேலே எத்தனை ஆழத்துக்கு என்ன மண்? சரிவு எவ்வளவு செங்குத்து? தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது, எங்கே தேங்குகிறது? நிலம் எதற்குப் பயன்படுகிறது: காடா, தேயிலையா, வீடா? நிலத்தின் அமைப்பு குழிவா, மேடா? ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் அந்த இடம் எவ்வளவு ஆபத்தானது என்று தெரியும். ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் தொடங்கி, பிறகு பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலும் வரைந்திருக்கிறார்கள். அதாவது படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் நூறு மீட்டர். முப்பது மீட்டர் நீளமுள்ள ஒரு லயன் அந்தப் படத்தில் மூன்று மில்லிமீட்டர் கோடு.

மண்ணைப் பற்றிய கேள்வி மிக முக்கியம். மலைச்சரிவின் அடியில் கொஞ்சம் சமமாக, மண் ஆழமாக, ஊற்றுத் தண்ணீரோடு இருக்கும் இடத்தைப் பார்த்தால் குடியிருக்க நல்ல இடம் என்றுதான் தோன்றும். பல நேரங்களில் அது பழைய காலத்தில் சரிந்து வந்து தங்கிய மண். கல்லும் களியும் கலந்து, இறுக்கமில்லாமல், தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒருமுறை சரிந்தது மறுமுறையும் சரியும். மீரியபெத்த லயன்கள் இருந்தது இப்படிப்பட்ட மண்ணின் மேல்தான்.

அடுத்தது மழை. இலங்கையில் வைத்திருக்கும் அளவுகோலை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் எச்சரிக்கை. 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ இடத்தைக் காலி செய்ய வேண்டும். மஞ்சள், ஆம்பர், சிவப்பு என்று மூன்று நிறம். 75 மில்லிமீட்டர் என்றால் கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 75 மில்லிமீட்டருக்கு மூன்று லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி இருபத்தைந்தைக் கொண்டுவந்து ஒரு ஏக்கர் சரிவின் மேல் கவிழ்த்த மாதிரி. அதில் எவ்வளவு வழிந்து ஓடுகிறது, எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உள்ளே இறங்கிய தண்ணீர் பாறைமேல் தேங்கி மண்ணைக் கீழிருந்து தூக்குகிறது. பிடிப்பு விட்டதும் மண் நகர்கிறது.

கருவி இல்லாமலும் சில அடையாளங்களைப் பார்க்கலாம். தரையிலோ சுவரிலோ புதிதாக விரிசல் விழுந்து அகலமாகும். நேற்றுவரை நன்றாகச் சாத்திய கதவு இன்று இறுகும். மரமும் மின்கம்பமும் சாயும். இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பும். இருந்த ஊற்று கலங்கி வரும், அல்லது சட்டென்று நின்றுபோகும். விரிசலின் இரண்டு பக்கமும் ஒரு முளைக்குச்சி அடித்து, இடையே உள்ள தூரத்தை நாள்தோறும் அளந்து எழுதி வைத்தால் அதுவே ஒரு ஆய்வுதான். பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடலாம்.

கான் வெட்டும் ஆள்

தடுக்கவும் வழி இருக்கிறது. தண்ணீரை உள்ளே விடாமல் வெளியேற்றுவதுதான் பாதி வைத்தியம். 1990களில் கொழும்பு - பதுளை ரயில் பாதையில் வட்டவளை என்ற இடத்தில் மலை நகர ஆரம்பித்தது. என்ன செய்தார்கள்? மலையின் உள்ளே ஆழமாகத் துளை போட்டு, குழாய் செலுத்தி, உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்தார்கள். வெளிநாட்டு நிபுணர்களின் ஆய்வுக் கட்டுரைகளில் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் வேலை அது. ரயில் பாதைக்கு ஆபத்து என்றதும் மலைக்குள் துளை போட அறிவும் இருந்தது, பணமும் வந்தது.

எல்லா இடத்திலும் அவ்வளவு பெரிய வேலை தேவையில்லை. தேயிலை மலையில் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டி வைத்திருப்பார்கள். மலையகத் தமிழில் அதற்குக் ‘கான்’ என்று பெயர். கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில், எழுபதுகளில் பதுளைப் பக்கமிருந்து இங்கே வந்த ஒரு பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் வாயிலிருந்துதான் அந்தச் சொல்லை முதலில் கேட்டேன். “கான் வெட்டுறதுக்குன்னே ஆம்பள ஆளுக இருப்பாங்க தாயி. அடைமழைக்கு முன்னாடி மம்பட்டிய எடுத்துக்கிட்டு மலை மலையாப் போவாங்க. இப்ப யாரு வெட்டுறா?” என்றார். பேரேடு பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. லாபம் குறைந்ததும் தோட்டங்கள் முதலில் கைவைப்பது இந்த மாதிரி வேலையில்தான். கொழுந்து பறிக்கும் ஆளைக் குறைத்தால் வரும்படி உடனே குறையும். கான் வெட்டும் ஆளைக் குறைத்தால் கணக்கில் மிச்சம். அடைந்த கானில் தேங்கும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது.

தோட்டம் கவனிக்காவிட்டால் உள்ளாட்சி கவனிக்கலாமே என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் இலங்கையின் சட்டத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊராட்சி ஒன்றியம் போல அங்கே பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி, சபையின் பணத்தைத் தோட்டங்களுக்குள் செலவு செய்யத் தடை இருந்தது. தோட்டம் தனியார் இடம் என்பது காரணம். ஒரு வடிகால், ஒரு தடுப்புச் சுவர், ஒரு பாதை என்று எதற்குப் போனாலும் அந்தப் பிரிவு குறுக்கே நின்றது. அதே தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டுத்தான் உறுப்பினர்கள் சபைக்குப் போனார்கள். 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. மீரியபெத்த புதைந்து நான்கு ஆண்டு கழித்து.

எழுந்து எங்கே போவது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மீரியபெத்தவில் யாருக்கும் தெரியாமல் மலை சரியவில்லை. 2005லேயே அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறு இடத்தில் குடியமர்த்த வேண்டும் என்று ஆய்வு நிறுவனம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் சொன்னது. மலையைப் படித்தவர்கள் தங்கள் வேலையைச் செய்திருந்தார்கள். சரிவு நடந்ததும் அரசுத் தரப்பிலிருந்து வந்த பதில்: ‘போகச் சொன்னோம், மக்கள் போகவில்லை.’

எங்கே போவார்கள்? 1948இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம்: ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகளும் ஆட்களைப் பங்கு போட்டன. மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுத்தது. குடிமகன் அல்லாதவனுக்கு ஏது பட்டா? எழுபதுகளில் நிலச்சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையானபோதும் லயனில் இருந்தவனுக்கு நிலம் வரவில்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளிடம் குத்தகைக்குப் போனது. நிலம் அரசுடையது, கம்பெனி குத்தகைதாரர், தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவன் இரண்டிலும் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று, முன்னால் ஒரு திண்ணை. அதுவும் தோட்டத்தில் பெயர் இருக்கிற வரைக்கும்.

இப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறவருக்கு ‘உன் இடம் ஆபத்து, காலி செய்’ என்று கடிதம் வந்தால் அதன் பொருளே வேறு. சொந்த நிலம் இருப்பவர் விற்கலாம், அடகு வைக்கலாம், நஷ்டஈடு கேட்கலாம், பக்கத்து ஊரில் நாலு சென்ட் வாங்கலாம். லயன்காரருக்கு வீடு போனால் வேலை போகும், வேலை போனால் பிள்ளையின் பள்ளிக்கூடமும் மளிகைக் கடைக் கணக்கும் சேர்ந்து போகும். மழை நாளில் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்துவிட்டு, வெயில் அடித்ததும் திரும்பிவந்து அதே அறையில் அடுப்பு மூட்டுவார். அறியாமையினால் இல்லை. வேறு அறை இல்லை.

சரிவு தமிழர்களை மட்டும் கொல்கிறது என்று சொல்ல வரவில்லை. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிங்களக் கிராமங்கள் புதைந்தன. நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அதே நாள் அதே மாவட்டத்தில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் லயன் குடும்பங்கள் மண்ணுக்குள் போயின. அதற்குப் பிறகு அரசு ஒரு மீள்குடியேற்றத் திட்டம் கொண்டுவந்தது. நிலம் வாங்க 4 லட்சம், வீடு கட்ட 12 லட்சம் இலங்கை ரூபாய். நல்ல திட்டம்தான். ஆனால் தோட்டத்தைச் சுற்றிலும் தோட்டம்தான். விற்க நிலம் வைத்திருப்பவர் அங்கே யார்? கம்பெனி ஒதுக்கிக் கொடுத்தால்தான் லயன்காரர் ஓர் அடி நகர முடியும்.

மீரியபெத்தவில் தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் தடுப்புப் போட்டுக்கொண்டு இரண்டு ஆண்டு இருந்தார்கள். 2016 அக்டோபரில் மாகல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஏழு பேர்ச் நிலம். நம் ஊர்க் கணக்கில் நாலரை சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 2005இல் எச்சரிக்கை கொடுத்தபோதே அந்த 75 வீட்டைக் கட்டியிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று யாராவது கணக்குப் போட்டார்களா தெரியவில்லை. நாலரை சென்ட் கொடுக்க முப்பத்தேழு பேர் சாக வேண்டியிருந்தது என்று எழுத எனக்குக் கை நடுங்குகிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைக் கடந்தபோது பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை மலைகள் ஒரே இரவில் பல இடங்களில் பிளந்தன. நாடு முழுக்க 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் பெரும்பகுதி மலைநாட்டில். இந்த முறையும் சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். வரைபடம் முன்பைவிட நுணுக்கமானது, கைப்பேசியில் செய்தி வருகிறது. லயன் அதே இடத்தில் இருக்கிறது.

ஆய்வாளர்கள் மலையிடம் கேட்கும் ஆறு கேள்விகளோடு ஏழாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்லி அந்நாட்டு மலையக அமைப்புகளும் நாமும் கேட்க வேண்டும்: இந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது? அந்தக் கட்டத்தில் ‘குடியிருப்பவர் பெயரில் இல்லை’ என்று வந்தால், சிவப்புக் கடிதத்தோடு மாற்று மனைப் பட்டாவும் சேர்ந்து போக வேண்டும். பட்டா இல்லாத சிவப்புக் கடிதம், ‘நாங்கள் சொல்லிவிட்டோம்’ என்று பின்னால் காட்டத்தான் பயன்படும்.

நம் பக்கத்து மலைகள்

இதைப் படிக்கிறவர்களுக்கு இலங்கை தூரமாகத் தோன்றலாம். சமவெளியில் சேரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஏரி உடைந்தால் முதலில் தண்ணீர் வருகிற பள்ளத்தில், ஊர்ச் சாக்கடை முடிகிற இடத்தில். யாரும் அந்த இடத்தை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை; விட்ட இடத்தில் இருந்தார்கள். மலையில் அதுவே லயன் ஆகிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் புதைந்த 70 பேரில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்து தலித் குடும்பங்கள். மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் இல்லாததால் இரவு விழுந்த மண்ணைப் பற்றி வெளியே தெரியவே மறுநாள் காலை ஆயிற்று. நீலகிரியில் 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இலங்கையில் காலி செய்யச் சொல்லும் அளவைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள்.

அந்த நீலகிரியில்தான் ஒப்பந்தப்படி கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து வந்தவர்களில் ஒரு பகுதியினர் மறுபடியும் தேயிலைத் தோட்டத்திலேயே குடியமர்த்தப்பட்டார்கள். லயன் இங்கே ‘லைன் வீடு’ ஆயிற்று. வேலை இருக்கிற வரைக்கும் வீடு என்ற விதியும் கூடவே வந்தது.

கான் பற்றிச் சொன்ன பாட்டியின் வீட்டுப் பின்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். விரலை நுழைக்கலாம். அதன்மேல் சிமெண்ட் குழைத்துப் பூசி, காய்ந்து, பூசின இடமும் மறுபடி விட்டிருந்தது.

“எப்ப இருந்து பாட்டி இது?”

“போன ஐப்பசி மழைக்கு விட்டுச்சு. பூசினேன். மறுபடி விட்டுருச்சு.”

“ஆபீஸ்ல சொன்னீங்களா?”

பாட்டி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

“சொன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்களே தாயி” என்றார்.